டோவரில் பறிபோன சிகரெட்டும் வானும்

கேள்வி: லண்டனில் சிறிய கடை வைத்திருக்கிறேன். மது விற்கும் அனுமதிப்பத்திரமும் உண்டு. பாரிசில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கடை வானில் குடும்பமாகப் போய்வந்தோம். அடுத்த மாதம் மகளின் சாமத்திய வீடு. வரும் சொந்தக்காரருக்காக 10 கார்ட்டன் சிகரெட், 240 கான் பியர், ஆறு ஒரு லீட்டர் விஸ்கிப் போத்தல் வாங்கி வந்தோம். எல்லாவற்றுக்கும் பிரான்சில் வரி கட்டிய ரசீது இருக்கிறது. டோவர் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் மறித்து, "அறிவிக்க ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை, வீட்டுச் சாமான்தான்" என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் கள்ளக்கடத்தல்காரன் போல நடத்தினார்கள். பொருட்களையும் வானையும் எடுத்துக்கொண்டார்கள். இது நடந்து மூன்று வாரம். இருபது வருடமாக ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இப்படித்தான் கொண்டு வருகிறோம், ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை. இரக்கம் காட்டச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். விற்பதற்கு அல்ல என்று நிரூபிக்க மண்டப ரசீதும் இருபது உறவினரின் கடிதமும் தரமுடியும். வழக்குப் போடலாமா?

பதில்: மண்டப ரசீதை உள்ளே வையுங்கள். உறவினரிடம் கடிதம் கேட்டு அலையவும் வேண்டாம். விற்கவா, விழாவுக்கா என்பது இப்போது உங்கள் வழக்கின் மையம் இல்லை. "அறிவிக்க ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டபோது "இல்லை" என்றீர்களே, அதுதான் மையம்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் நீங்கள் சொல்வது நல்ல வாதம். பிரான்சில் வரி கட்டிய சிகரெட்டைச் சொந்தப் பாவனைக்கு எவ்வளவு கொண்டு வந்தாலும் இங்கே மறுபடி வரி கிடையாது. 800 சிகரெட், 110 லீட்டர் பியர் என்றெல்லாம் சொன்னார்களே, அவை வரம்பு அல்ல. அதற்கு மேல் போனால் அதிகாரி கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சண்டையெல்லாம் சொந்தப் பாவனையா, வியாபாரமா என்பதைச் சுற்றித்தான் நடந்தது. 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா வெளியேறினாலும் இந்த விதி அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தது. பலர் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2021 ஜனவரி 1இலிருந்து பிரான்சும் மற்ற வெளிநாடுகளைப் போலத்தான். வளர்ந்த ஒருவருக்கு 200 சிகரெட், 42 லீட்டர் பியர், 4 லீட்டர் விஸ்கி வகை. அதற்கு மேல் போனால், சொந்தப் பாவனையாக இருந்தாலும், அறிவித்து வரி கட்ட வேண்டும். ஒரு வகையில் அளவு தாண்டினால் தாண்டிய பங்குக்கு மட்டுமல்ல, அந்த வகையில் கொண்டு வந்த முழுவதுக்கும் வரி. பிள்ளைகளுக்கு மதுவிலும் புகையிலையிலும் பங்கே இல்லை. நீங்களும் மனைவியும் சேர்ந்து 400 சிகரெட் கொண்டு வரலாம். கொண்டு வந்தது 2,000. அரை லீட்டர் கான் என்றால் பியர் 120 லீட்டர், இருவருக்கும் 84தான் சரி. விஸ்கி அளவுக்குள் இருக்கிறது. ஆனாலும் அதையும் எடுத்தது சட்டப்படிதான், அதற்குக் கீழே வருகிறேன். (டப்ளினில் இருந்து பெல்பாஸ்ட்டுக்குச் சொந்தப் பாவனைக்குக் கொண்டு போகும் உறவினர் "எங்களுக்கு இப்படி இல்லையே" என்பார். வட அயர்லாந்துக்கு ஏற்பாடு வேறு. அதை டோவரில் சொல்லிப் பயனில்லை.)

அதிகாரி மரியாதைக் குறைவாக நடந்தார் என்பதற்குத் தனியாக முறைப்பாடு கொடுக்கலாம். அது ஒரு சிகரெட்டைக்கூடத் திருப்பித் தராது. பிரெஞ்சு ரசீது காட்டுவது பிரான்சில் வரி கட்டியதை மட்டும்.

சரி, வழக்குக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு சுங்க, கலால் நிர்வாகச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, வரிக்குரிய பொருளை அறிவிக்காமல் கொண்டு வந்தால் அது பறிமுதலுக்கு உரியது. 141ஆம் பிரிவு, அதனுடன் இருந்த மற்றப் பொருளையும் ஏற்றி வந்த வாகனத்தையும் சேர்த்துக்கொள்கிறது. விஸ்கியும் வானும் போனது அப்படித்தான்.

எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப விழும் குழி அடுத்தது. பறிமுதலுக்குப் பின் இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. முதலாவது, "பறிமுதலே சட்டப்படி தவறு" என்று உரிமைகோரும் அறிவித்தல். பறிமுதல் உங்கள் கண் முன்னால் நடந்ததால், அந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். இந்தக் கெடுவை நீட்டச் சட்டத்தில் இடமில்லை. வருத்தம், சுகயீனம், மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்பதெல்லாம் எடுபடாது. இரண்டாவது, "எடுத்தது சரிதான், தயவு செய்து திருப்பித் தாருங்கள்" என்ற மீளளிப்புக் கோரிக்கை. இது 152ஆம் பிரிவின் கீழ், அவர்கள் விருப்புரிமையில் முடிவெடுப்பது.

உங்கள் இரக்க மின்னஞ்சல் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதை அனுப்பிவிட்டு "வழக்குப் போட்டாச்சு" என்று நம்பி மாதத்தைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் கடந்தால் பொருள் சட்டப்படி பறிமுதலானதாகவே கருதப்படும். அப்புறம் மீளளிப்பு மறுக்கப்பட்டு வரித் தீர்ப்பாயத்துக்குப் போய், "இது சொந்தப் பாவனைக்குத்தான்" என்று ஆரம்பித்தால் அதைக் காதில் வாங்க மாட்டார்கள். 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தம்பதியின் வழக்கில் இதைத் தெளிவாகவே தீர்த்துவிட்டது: எதிர்க்காமல் விட்ட பறிமுதலின் உண்மைகளைத் தீர்ப்பாயம் மறுபடி கிளற முடியாது.

அதற்காக உடனே அறிவித்தல் அனுப்பச் சொல்கிறேனா? இல்லை. உங்கள் வாயாலேயே "இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள், அளவும் ஐந்து மடங்கு. அறிவித்தல் போனால் விடயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் உங்கள் பொறுப்பாகலாம். பொருளின் விலையைவிடச் செலவு கூடிப்போன கட்சிக்காரர் பலர். சிகரெட்டையும் பியரையும் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: அங்கே தந்த பறிமுதல் பத்திரத்தை இன்றே எடுத்து, பொருளின் எண்ணிக்கை சரிதானா என்று பாருங்கள். அதிகாரியின் குறிப்புப் புத்தகத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருந்தால் அதன் பிரதியையும் கேளுங்கள். நீங்கள் சொல்லாததைச் சொன்னதாகவோ, இல்லாத பொருளை இருந்ததாகவோ எழுதியிருந்தால், மீதி இருக்கும் சில நாளுக்குள் ஒரு சொலிசிட்டரைப் பார்த்தாக வேண்டும்.

வானுக்காகத்தான் முயல வேண்டும், அதுவும் மீளளிப்பு வழியாக. சும்மா தரலாம், ஒரு தொகை கட்டச் சொல்லித் தரலாம், மறுக்கவும் செய்யலாம். வான் யார் பெயரில் இருக்கிறது, கடன் மீதி இருக்கிறதா, அது இல்லாமல் தொழில் எப்படி முடங்குகிறது என்பதை ஆவணத்தோடு எழுதுங்கள். கண்ணீரை எழுத வேண்டாம். மறுத்தால் 45 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம், அதன் பின் தீர்ப்பாயம். தொகை கட்டினால் தருவோம் என்றால், கட்டிவிட்டு எடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வாக்கியம்: "இருபது வருடமாக ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இப்படித்தான் கொண்டு வருகிறோம்." நேர்மையைக் காட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். 2020 முடியும் வரை அது பிழையில்லை. 2021க்குப் பிறகு அளவுக்கு மேல் கொண்டு வந்து அறிவிக்காத ஒவ்வொரு பயணமும் தனித்தனி வரி ஏய்ப்பு. இந்த வாக்கியம் அந்த மின்னஞ்சலிலும் இருக்கிறதா? இருந்தால் அதன் பிரதியைச் சொலிசிட்டரிடம் முதலில் காட்டுங்கள்.

ஏனென்றால் பறிமுதலோடு இது முடிவதில்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், சில மாதம் கழித்துக்கூட, எச்.எம்.ஆர்.சி. என்ற வரி, சுங்கத் திணைக்களத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். பொருள் போனாலும், ஏய்த்த வரிக்குச் சமமான தொகை வரைக்கும் சிவில் தண்டம் விதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கடிதம் கேட்கும்: இதற்கு முன் எத்தனை முறை போனீர்கள், என்ன கொண்டு வந்தீர்கள்? அந்தப் பயணங்களின் வரியும் கணக்கில் சேரலாம். உண்மையைச் சொல்லி ஒத்துழைத்தால் தண்டம் கணிசமாகக் குறையும். என்னிடம் வந்தவர்களில் அதிகமாகச் சேதப்பட்டவர்கள் "இதுதான் முதல் தடவை" என்று பதில் எழுதியவர்கள். படகுக் கம்பனியின் முன்பதிவுப் பட்டியல் வந்ததும் அந்தப் பதில் பொய்யாகிவிடும். குறைப்பும் போய், நேர்மையீனத்துக்குச் சான்றும் அவர்கள் கையில்.

சட்டம் மாறியது தெரியாது என்பது உண்மையானால் அதைச் சொல்லும் இடமும் இதுதான். பறிமுதலுக்கு அது பதில் ஆகாது. தண்டத்துக்கு ஆகும், ஏனெனில் தண்டம் விதிக்க நேர்மையீனத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் மது, சிகரெட் விற்கும் கடைக்காரர் 2021க்குப் பின்னும் ஆண்டுக்கு மூன்று முறை டோவர் வழியாக வந்துபோய், தெரியவே தெரியாது என்றால் நம்ப வைப்பது கடினம். ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சண்டை போடாதீர்கள். சொலிசிட்டர் மூலம் பயணங்களை முழுமையாக வெளிப்படுத்தி, தண்டத்தைக் குறைத்து, தவணையில் கட்டக் கேட்டு முடியுங்கள்.

நீங்கள் காக்க வேண்டியது கடை அனுமதிப்பத்திரம். சிவில் தண்டத்தோடு முடிந்தால் அது குற்றத் தீர்ப்பு ஆகாது. அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 170ஆம் பிரிவின் கீழ் மோசடியாக வரி ஏய்த்ததாகக் குற்ற வழக்குப் போட்டுத் தண்டிக்கப்பட்டால், தனிநபர் மது அனுமதிப்பத்திரமே ஆபத்தில். வரி கட்டாமல் கொண்டு வந்த பொருளைக் கடைக்குள் வைத்திருப்பது 2003ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரச் சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி தனிக் குற்றம். முன்பு கொண்டு வந்த பெட்டியில் ஒன்றாவது கடையிலோ பின்னறையிலோ இருந்தால் விற்காதீர்கள், எறியவோ ஒளிக்கவோ வேண்டாம். சொலிசிட்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

கடைசியாக ஒன்று. மனைவியும் வானில் இருந்தார், அவர் பங்கையும் சேர்த்துத்தான் அளவைப் பார்த்தோம். அவர் பெயருக்கும் தனிக் கடிதம் வரலாம். அங்கே நீங்கள் ஒன்று, அவர் ஒன்று சொல்லியிருந்தால் இருவருக்கும் ஒரே சொலிசிட்டர் வாதாட முடியாமல் போகும். போவதற்கு முன், அன்று அதிகாரியிடம் யார் என்ன சொன்னீர்கள் என்பதை இருவரும் தனித்தனியாக, ஒருவருடையதை மற்றவர் பார்க்காமல், எழுதிக்கொண்டு போங்கள்.