சைகோன் ரஷ்யன் மார்க்கெட்டும் ஃபூ குவோக் வெனிஸும்: ஒரு கடிதம், ஒரு பதில்

சார் வணக்கம். வியட்நாம்ல சைகோன் (இப்ப ஹோ சி மின் சிட்டி) ரஷ்யன் மார்க்கெட் பத்தி நீங்க எழுதுனத படிச்சிட்டுதான் டிசம்பர்ல டூர் போனப்ப வீட்டுக்காரர இழுத்துக்கிட்டு அங்க போனேன். வோ வான் கியட் ரோட்ல கிராப் டாக்சில இருந்து இறங்குனதும் மனுஷன் என்னைய பாத்த பார்வை இருக்கே! உள்ள ஒரு ரஷ்யாக்காரர கூட காணோம், வரிசை வரிசையா குளிர் ஜாக்கெட்டுதான், எங்களுக்கோ வேர்த்து ஊத்துது. அதுக்கப்புறம் ஃபூ குவோக் தீவுல கிராண்ட் வேர்ல்ட் போனோம். வெனிஸ் மாதிரி கால்வாய், படகு, கலர் கலரா கட்டடம், பிள்ளைங்களுக்கு அங்க இருந்து கிளம்பவே மனசு இல்ல. அத நீங்க சினிமா "செட்டு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க. ஏன் சார் இந்த ஓரவஞ்சனை? இன்னொன்னு, ஜெர்மனில படிக்கிற பையனுக்கு மார்க்கெட்ல நார்த் ஃபேஸ்னு பிராண்ட் போட்ட ஒரு ஜாக்கெட் வாங்குனேன். வீடியோ கால்ல பாத்துட்டு "அம்மா இது ஒரிஜினலா"ன்னு கேக்குறான். நான் என்னத்த சொல்ல?

ஒரு வாசகி, திருச்சி

வணக்கம்ங்க. கடிதம் படிச்சு சிரிச்சேன், குறிப்பா டாக்சி பார்வைக்கு.

ரஷ்யாக்காரங்கள பாக்கணும்னா வியட்நாம்லயே நா ட்ராங்னு கடற்கரை ஊருக்குப் போயிருக்கணும். அங்க ஓட்டல் மெனுல இருந்து மருந்துக்கடை போர்டு வரைக்கும் ரஷ்ய எழுத்துதான், எல்லாம் பீச்சுக்கு வர்ற டூரிஸ்ட்டுக்காக. சைகோன் மார்க்கெட் கதை வேற. டிசம்பர் ராத்திரில கூட 20 டிகிரிக்கு கீழ இறங்குறது அபூர்வமான ஒரு ஊர்ல, ஒரு மார்க்கெட் முழுக்க பனிக்காலத் துணி எதுக்கு விக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க, எனக்கு அந்த இடம் பிடிச்சுப்போனதே அதுக்காகத்தான்.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1978-ல வியட்நாம், சோவியத் நாடுகளோட பொருளாதாரக் கூட்டமைப்பான கோமெகான்ல சேந்துச்சு, 1981-ல வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. போர் முடிஞ்ச நாடு, சோத்துக்கே ரேஷன், சோவியத் பக்கம் பாத்தா மில்லுக்கும் ஃபேக்டரிக்கும் ஆள் பத்தல, அதனால ஆயிரக்கணக்குல இளவட்டப் பிள்ளைங்க நூல் மில்லு, தையல் ஃபேக்டரின்னு கிளம்பிப் போனாங்க. ரூபிள ஊருக்கு கொண்டு வந்தா பெருசா மதிப்பு கிடையாது, அதனால சம்பளத்த எல்லாம் சாமானா மாத்தி அனுப்புனாங்க, பிரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி, பிரஷர் குக்கர்னு. ரப்பர் றெக்க வச்ச ஒரு சோவியத் டேபிள் ஃபேன் உண்டு, ஹனோய்ல யானைக்காது ஃபேன்னு சொல்லுவாங்க, அத இன்னும் பத்திரமா வச்சிருக்க வீடெல்லாம் இருக்கு. திரும்பப் போறப்ப சும்மா போவாங்களா, அங்க கடைல கிடைக்காத ஜீன்ஸ், லிப்ஸ்டிக்குன்னு கொண்டு போயி வித்தாங்க. இப்படியே வேலைக்குப் போன ஆளுங்க பாதி வியாபாரி ஆயிட்டாங்க.

1991-ல சோவியத் உடைஞ்சதும் ஃபேக்டரிங்க படுத்துருச்சு. கொஞ்சப் பேர் ஊருக்கு வந்துட்டாங்க, மிச்சப் பேர் சந்தைல கடை போட்டாங்க. மாஸ்கோல செர்கிசோவ்ஸ்கின்னு ஒரு ராட்சச சந்தை, 2009-ல அரசாங்கம் இழுத்து மூடுற வரைக்கும் வியட்நாம்காரங்க, சீனாக்காரங்கன்னு ஏகப்பட்ட பேருக்கு அதுதான் பொழப்பு. காலு மரத்துப்போற குளிர்ல நின்னுக்கிட்டு அவங்க வித்த சரக்குல பாதி இதே மாதிரி ஜாக்கெட்டுதான்.

அப்படி மாஸ்கோல இருந்து திரும்புன ஒருத்தங்கள சைகோன் ரஷ்யன் மார்க்கெட்ல பாத்தேன். நான் ஜாக்கெட் பாத்த கடைல ஒரு அம்மா இருந்தாங்க, அறுபது வயசு இருக்கும், மேல ஃபேன் ஓடுது, அதுக்கு கீழ பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து ஐஸ் காபி குடிச்சிக்கிட்டு இருந்தாங்க. என் கைல இருந்த ஜாக்கெட்ட பாத்ததும் வேணாம்னு தலையாட்டிட்டு வேற ஒண்ண எடுத்துப் போட்டாங்க. ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, தாடைல படுற இடத்துல ஒரு சின்ன துணி மடிப்பு இருந்துச்சு, அத விரலால தொட்டுக் காட்டுனாங்க, அது இல்லன்னா குளிர்ல ஜிப்பு தோலை அறுத்துடுமாம். ஜிப்புக்கு உள்பக்கம் நீளமா ஒரு பட்டை, அது காத்து உள்ள குத்தாம இருக்க. அப்புறம் ஜிப்போட கைப்பிடில ஒரு கயித்துத் துண்ட கட்டிவிட்டு, ரெண்டு கையையும் மொத்தமா மூடிக் காட்டுனாங்க, கிளவுஸ் போட்டுக்கிட்டு சின்ன ஜிப்ப பிடிக்க வராதில்லையா, அதுக்கு. எவ்ளோ வருஷம் மாஸ்கோலன்னு கேட்டேன், போன் டிரான்ஸ்லேட்டர்ல பதினெட்டுன்னு வந்துச்சு. சைகோன்ல அந்தக் கயித்த கட்டிக் குடுக்குறதுக்கு ஒரு ஆள் இருக்காங்க பாருங்க, நான் ரஷ்யன் மார்க்கெட்டுன்னு எழுதுனது இதத்தான்.

இப்ப உங்க வெனிசுக்கு வரேன். அந்த கிராண்ட் வேர்ல்ட 2021-ல திறந்தது வின்குரூப் கம்பெனி. அதோட முதலாளி ஃபாம் நியட் வூங், இன்னிக்கு வியட்நாமோட பெரிய பணக்காரர், படிச்சது எங்கன்னு நினைக்கிறீங்க, மாஸ்கோ. படிப்பு முடிஞ்சு உக்ரைன்ல கார்கிவ் ஊருக்குப் போயி, நாடு உடைஞ்சு கைல காசில்லாத ஜனங்களுக்கு மலிவா இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் போட்டார், மிவினான்னு பேரு. அப்படி ஒரு ஓட்டம் ஓடுச்சு. அந்தக் காச கொண்டாந்து நா ட்ராங்ல ரிசார்ட்டு கட்டி, மால் கட்டி, நூடுல்ஸ் கம்பெனிய 2010-ல நெஸ்லேக்கு வித்துட்டு, கார் வரைக்கும் வந்துட்டார். நம்ம தூத்துக்குடில 2025 ஆகஸ்ட்ல திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஃபேக்டரி அவரோடதுதான். ஆக உங்க பிள்ளைங்க போட்டோ எடுத்த கால்வாய்க்கும் உங்க வீட்டுக்காரர் முகம் சுளிச்ச மார்க்கெட்டுக்கும் முதல் போட்ட காசு ஒரே திசைல இருந்து வந்ததுதாங்க. வூங் நூடுல்ஸ்ல போனார், அந்த அம்மா ஜாக்கெட்ல போனாங்க.

செட்டுன்னு எழுதுனது திட்டு இல்ல, ராத்திரி லைட்டு போட்டா எனக்கும் பிடிக்கத்தான் செஞ்சுது. ஆனா வெனிசுக்கும் அந்தத் தீவுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது, நாளைக்கே பாரிஸ் மாதிரி பெயின்ட் அடிச்சாலும் அதே ஐஸ்கிரீம் அதே விலைக்கு விக்கலாம். ரஷ்யன் மார்க்கெட்ட அப்படி பேர் மாத்திட முடியாது. எனக்கு ஓரவஞ்சனை உண்டுதான், மறுக்கல.

ஜாக்கெட் மேட்டர். நார்த் ஃபேஸ், கொலம்பியா ரெண்டு பிராண்டுமே வியட்நாம் ஃபேக்டரிகள்ல தைக்கிறது உண்மை. திருப்பூர் பக்கம் பழக்கம் இருந்தா சட்டுனு புரியும், ஆர்டருக்கு மேல தச்சது, சின்ன குறைல கழிச்சது எல்லாம் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு வெளிய கசியும், அது கூடவே அதே லோகோவ ஒட்டி வேற எங்கயோ தச்சதும் கலந்து வரும். ஒரே மாடல் எல்லா சைஸ்லயும் எல்லா கலர்லயும் அடுக்கி வச்சிருந்தா அது சர்ப்ளஸா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. அதே ஊர்ல சைகோன் ஸ்கொயர்னு இன்னொரு இடம், போலிச் சரக்குக்காக அமெரிக்க அரசாங்கம் போடுற லிஸ்ட்லயே அதோட பேர் வந்திருக்கு. அதனால பையன்கிட்ட "ஒரிஜினல்"னு சத்தியம் எல்லாம் பண்ணாதீங்க. என்னக் கேட்டா லோகோவே இல்லாத உள்ளூர் பிராண்ட் ஜாக்கெட்ட வாங்கிடலாம், தையல்ல ஒரு குறையும் இருக்காது, யாரும் கேள்வியும் கேக்க மாட்டாங்க.

குளிர் தாங்குமான்னு பாக்க பையனயே விட்டு சோதிக்கச் சொல்லுங்க. பறவை இறகு அடைச்ச ஜாக்கெட்டுன்னு சொல்லி வித்திருந்தா, நல்லா சுருட்டி ஒரு சின்னப் பைக்குள்ள திணிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து உதறட்டும், உடனே உப்பி வந்தா உள்ள நல்ல இறகு, சப்பையாவே கிடந்தா சொதப்பல். விரலால அழுத்துனா குச்சி குச்சியா குத்துனா மட்டமான இறகு.

மறுபடி போறவங்களுக்கும் சேத்து ரெண்டு விஷயம். அங்கயும் போணி பாப்பாங்க, காலைல முதல் ஆளா போயி கால்மணி நேரம் பேரம் பேசிட்டு வாங்காம வந்தா பின்னாடி பேப்பர் கொளுத்தி திருஷ்டி கழிக்கிற கடையும் உண்டு, அதனால சும்மா பாக்கப் போறவங்க கொஞ்சம் லேட்டா போங்க. இன்னொன்னு, வியட்நாம் காசான டாங்ல 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் ரெண்டும் நீலம், அவசரத்துல மாத்திக் குடுத்துட்டா நம்ம காசுல ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல போச்சு.

ஜாக்கெட் இறகுதான்னு தெரிஞ்சா துவைக்கிறப்ப பிழியக் கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லிடுங்க. டிரையர்ல கம்மி சூட்டுல, ரெண்டு மூணு டென்னிஸ் பாலையும் கூடவே போட்டு ஓட்டணும், இல்லன்னா இறகு கட்டி கட்டியா ஒரு மூலைல சேந்துக்கும்.