கேளுங்கள், சொல்கிறேன்: ரெவிதீமில் பஸ் நிற்குமா?

கே: சபையிலிருந்து புனித பூமிப் பயணம் போகிறோம். கெய்ரோவிலிருந்து சீனாய் மலைக்குப் போகும் வழியில் ஒரு பேரீச்சந்தோப்பைக் காட்டி, "இதுதான் ரெவிதீம்" என்பார்களாம். மோசே பாறையை அடித்துத் தண்ணீர் வரவைத்த இடம் அதுதானா?
– ஒரு வாசகி, காசிமேடு

ப: அந்தப் பாலைவனச் சோலைக்கு வாதி ஃபெய்ரான் என்று பெயர். அதை ரெவிதீம் என்பது மரபு. தொல்லியல் சான்று கிடையாது. ஆனால் மரபை லேசாக நினைக்காதீர்கள் அம்மா, அதற்கும் வயது இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எஜீரியா என்ற பெண்மணி இந்தப் பக்கம் வந்து பயணக் குறிப்பு எழுதியிருக்கிறார். கடவுளின் மலையான சீனாயிலிருந்து 35 மைல் தள்ளி, ஃபாரானில் (நம் ஃபெய்ரான்தான்) இரண்டு நாள் தங்கி இளைப்பாறினாராம். உங்கள் பஸ் டீ குடிக்க நின்றாலே பெரிது!

இருபுறமும் மொட்டை மலை, நடுவே கிலோமீட்டர் கணக்கில் பேரீச்சை. தண்ணீர் இருந்ததால் ஊர் வந்தது, ஊரை ஒட்டித் துறவிகள் வந்தார்கள், அப்புறம் பிஷப்பும் வந்தார். நான் வண்ணாரப்பேட்டையில் தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவன். பைபிளின் யாத்திராகமம் 17-இல் ஜனங்கள் தண்ணீருக்காக மோசேயிடம் சண்டை பிடிப்பது எனக்கு விளங்க எந்தப் பிரசங்கமும் வேண்டியிருக்கவில்லை.

அங்கே தஹூனா என்று ஒரு குன்று. அமலேக்கியரோடு யோசுவா போரிட்டபோது மோசே கைகளை உயர்த்தி நின்றதும், ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்ததும் இங்கேதான் என்பார்கள். பழைய தேவாலய இடிபாடுகள் மேலே கிடக்கின்றன. கீழே தோப்புக்குள் மோசேயின் பெயரில் ஒரு கன்னியர் மடம் இன்றும் இருக்கிறது; சீனாய் மலை அடிவாரத்துக் கத்தரீன் மடத்தைச் சேர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய அந்தப் பெரிய மடத்துக்கே பிற்பாடு பிஷப்பின் பீடமும் போய்விட்டது. இன்றைய பஸ்களும் அப்படித்தான், நேரே அங்கே ஓடுகின்றன. ஃபெய்ரானை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்காது. பணம் கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கே: மாமியாருக்கு 68 வயது. மோசே மலை ஏறுவாரா?
– அதே வாசகி

ப: சீனாய் மலையைத்தான் மோசே மலை என்பார்கள். உயரம் 2,285 மீட்டர். பெரும்பகுதி தூரம் ஒட்டகம் ஏற்றிவிடும், கடைசி 750 படி சொந்தக் கால்தான். முழங்கால் வலி இருந்தால் அவர் அடிவாரத்திலேயே இருக்கட்டும். விடியற்காலைக் குளிருக்கு நம்மூர் மார்கழிச் சால்வை பத்தாது, ஸ்வெட்டர் எடுங்கள். கத்தரீன் மடம் வெள்ளி, ஞாயிறு பொதுவாகத் திறப்பதில்லை. நாள் பார்த்துப் போங்கள்.