வாய் வறட்சி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஆறு மாதமாக வாய் வறண்டு, பேசும்போதே நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. தண்ணீர் இல்லாமல் சோறு இறங்குவதில்லை, மீன் குழம்பு பட்டால் எரிகிறது. பிரஷருக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் சூடு என்று எந்நேரமும் பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொள்கிறார். என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பனங்கற்கண்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பல்லில் சேரும் அமிலத்தைக் கழுவுவது எச்சில்தான். அது குறைந்த வாயில் இனிப்பு ஊறிக்கொண்டே இருந்தால் ஈறோரமாகச் சொத்தை விழும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்.

அடுத்து, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், கடையில் சொல்லி வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் வறட்சிக்குப் பெரும்பாலும் மருந்துதான் காரணம். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கான குளோர்பெனிரமின், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரை எல்லாமே வாயை உலர்த்தும். சேர்ந்தால் இன்னும் மோசம். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வறட்சியாகத் தோன்றுவது வேறு, எச்சில் உண்மையிலேயே குறைவது வேறு. அதை வீட்டிலேயே அளக்கலாம். காலையில் பல் துலக்கி ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்கட்டும். பிறகு வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து உட்கார்ந்து, 15 நிமிடம் ஊறும் எச்சிலைச் சின்ன டம்ளரில் வடிய விடட்டும். மெல்லவோ பேசவோ கூடாது. நுரையைக் கணக்கில் சேர்த்தால் அளவு தப்பும். அது அடங்கியபின் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். 1.5 மி.லி. அல்லது அதற்குக் கீழே என்றால் சுரப்பு குறைவுதான்.

சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், மூட்டு வலி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் நடுத்தர வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சின்னத் திசு எடுத்துப் பார்ப்பது ஆகியவற்றால் அதை உறுதி செய்வார்கள்.

கேள்வி: சாப்பிட உட்கார்ந்தால் வலது தாடைக்கு அடியில் வீங்கி வலிக்கிறது. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரால் கல் வந்திருக்குமா?
– வாசகர், பாம்பன்

பதில்: கல் இருக்கலாம், தண்ணீர்மேல் பழி போட ஆதாரம் இல்லை. எச்சில் கற்களில் சுமார் 80 சதவீதம் தாடைக்கடிச் சுரப்பியில்தான் உருவாகின்றன. அங்கே சுரப்பது கெட்டியான எச்சில்; நீளமான குழாய் வழியே மேல்நோக்கி ஏற வேண்டும். சாப்பிடும்போது சுரப்பு கூடி, வழி அடைபட்டதால் சுரப்பி வீங்குகிறது. கடலில் வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எச்சில் இன்னும் கெட்டியாகும்.

மருத்துவர் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு வெளியிலும் விரல் வைத்துத் தடவி, சுரப்பியை அழுத்தி, குழாய் வாயில் தெளிந்த எச்சில் வருகிறதா, சீழ் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு அல்ட்ராசவுண்ட். கல் சின்னதாக இருந்தால் தண்ணீர் குடிப்பது, வெந்நீர் ஒத்தடம், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீவுதல் ஆகியவற்றாலேயே வெளியேறலாம். பெரிதானால் எடுக்க வேண்டும்.

காய்ச்சல், சீழ், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் கெட்டியாக நிற்கும் கட்டியையும் முகம் ஒரு பக்கம் இழுப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.