பூச்சிப் பொறிக்குக் கேமரா பொருத்தும் வேலை: பேரையூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

"பூச்சி எண்ணுகிற வேலைக்கா மூன்று வருடம் டிப்ளமோ படிக்க வைத்தேன்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மகள் மின்னணுவியல் டிப்ளமோவை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். நீங்கள் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்க்க நினைத்தீர்கள். அவளோ, மக்காச்சோளக் காடுகளில் சூரிய மின்சாரக் கேமராப் பொறி வைக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குப் போகிறேன் என்கிறாள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வருடத்துக்கு அனுப்பி வையுங்கள். ஆனால் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்த அது 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்தது, 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகத் தென்பட்டது, அதே பருவத்தில் நம் மக்காச்சோளத்தையும் தின்றது. அந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிகிறது. புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே பூச்சி ஊருக்குள் வந்த நாளைத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆண் அந்தை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை அதற்குத்தான் வைக்கிறோம். சிரமம் என்னவென்றால், பொறியைத் தினமும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். முதல் வாரம் பார்ப்பார்கள். பிறகு களையெடுப்பு, கல்யாணம், கோயில் கொடை என்று விட்டுப்போகும். அந்த இடத்தைத்தான் கேமரா நிரப்புகிறது. பொறிக்குள் இருக்கும் ஒட்டுத் தாளைத் தினமும் ஒரு முறை படமெடுத்து, சிம் கார்டு வழியாக அனுப்பிவிடும்.

இதில் உங்கள் மகள் படித்த படிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். மதுரை வெயிலில் 10 வாட் சூரிய மின்தகடு ஒரு நல்ல நாளில் 40 வாட்-மணி அளவுக்கு மின்சாரம் தரும். கருவிக்கு ஓரிரு வாட்-மணி போதும், ஏனென்றால் அது நாளெல்லாம் உறங்கி, படமெடுத்து அனுப்பச் சில நிமிடம்தான் விழிக்கிறது. கணக்குப்படி கவலையே இல்லை. ஆனால் காட்டில் கணக்கு வேறு. மானாவாரி மக்காச்சோளத்தைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறோம். வடகிழக்குப் பருவமழை மேகம் நாள்கணக்கில் வெயிலை மறைக்கும் காலமும் அதுதான். பொறி அதிகம் தேவைப்படும் வாரங்களில்தான் பேட்டரி பட்டினி கிடக்கும்.

இன்னொன்று, நிறுவும்போது பயிர் முழங்கால் உயரம் இருக்கும். ஒன்றரை மாதத்தில் அது ஆள் உயரம் வளர்ந்து தகட்டின் மேல் நிழல் விழும். அதனால் கம்பம் உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். தகடு தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருந்தால் மழைத் தண்ணீரே தூசியைக் கழுவிவிடும். சிம் மோடம் கோபுரத்தோடு பேசும் நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, கருவி நின்று மறுபடி தொடங்கும். மறுபடி கோபுரத்தைத் தேடும், மறுபடி நிற்கும். விடிவதற்குள் பேட்டரி காலி, படமும் வந்திருக்காது. அலுவலகத்தில் இருப்பவருக்கு "கேமரா பழுது" என்று தோன்றும். மீட்டரை எடுத்துப்போய் அந்த ஒரு நொடிச் சரிவைப் பிடிப்பவர்தான் தொழில் தெரிந்தவர். வகுப்பறையில் இதைப் பாடமாக எழுதலாம். கைக்கு வருவது காட்டில்தான்.

ஆனால் மின்சாரம் மட்டும் தெரிந்தால் அவளுக்கு இந்தத் துறையில் நிலையான இடம் கிடைக்காது. இதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒட்டுத் தாளில் விழுவதெல்லாம் படைப்புழு அந்து இல்லை. புகையிலைப் புழுவின் அந்தும் அதே நிறத்தில், அதே அளவில் வந்து ஒட்டும். படைப்புழுவின் ஆண் அந்துக்கு முன்னிறகின் நுனியில் வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கும். செதில் உதிர்ந்த பிறகு அதுவும் மங்கிவிடும். அந்தச் செதில் தூள் கேமராக் கண்ணாடியிலும் படியும். எறும்பு ஏறிவிட்டால் உடலைத் தின்றுவிட்டு இறகை மட்டும் விட்டுவைக்கும். இந்தப் படங்களைப் பார்த்துக் கணினி எண்ணிச் சொல்லும் எண்ணை ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்த வாசனை அடைத்த கவர்ச்சிக் குப்பியைக் குறித்த நாளில் மாற்றாவிட்டால் எண்ணிக்கை குறையும், விவசாயி பூச்சி இல்லையென்று நம்பி இருந்துவிடுவார். அதைவிடக் கெடுதல் வேறில்லை.

பூச்சியும் தெரிந்து மின்சாரமும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வேளாண்மை படித்த பிள்ளைகள் பேட்டரிப் பெட்டியைத் திறக்கத் தயங்குகிறார்கள், மின்னணுவியல் படித்தவர்களுக்கு அந்துக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. உங்கள் மகள் அந்த இடைவெளியில் நிற்கலாம். இதற்காகப் பெரிய செலவு தேவையில்லை. மதுரை ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. அங்குள்ள பூச்சியியல் துறையினரை அணுகிக் கேட்கட்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்வாரியாகப் பூச்சிப் படங்கள் தமிழிலேயே இருக்கின்றன. "வேளாண்மையில் செயற்கை நுண்ணறிவு" என்று பலகை வைத்து, ஆறு மாதச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம். உங்கள் வெள்ளாமைப் பணம் அது. நகை அடகு வைத்து அந்தச் சான்றிதழை வாங்கி வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

எதிர்காலத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பெயரில் அரசுப் பணியிடம் கிடையாது. சிறு நிறுவனங்கள், விதைக் கம்பெனிகள், பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டங்கள், இவைதான் இன்றைய வாய்ப்பு. திட்டப் பணி திட்டத்தோடு முடிந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் போகும் திசை தெளிவாக இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகம் படத்தை வைத்துப் பூச்சியை அடையாளம் காணும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. ஸ்லோவேனியா நாட்டின் டிராப்வியூ என்ற நிறுவனம் கேமராப் பொறிகளையே தொழிலாக நடத்துகிறது. நியூசிலாந்து, வெளியிலிருந்து வந்த எலி போன்ற விலங்குகளை 2050க்குள் ஒழிக்கும் திட்டத்தை 2016இல் அறிவித்து, அதற்குத் தொலைவிலிருந்து பார்க்கும் கேமராக்களையும் பயன்படுத்துகிறது. பூச்சிப் பொறி வேலை கைகொடுக்காவிட்டாலும், சூரிய மின்சாரத்தில் இயங்கும் வானிலைக் கருவி, சொட்டுநீர்க் கட்டுப்பாடு, கிணற்று நீர்மட்ட அளவி எதிலும் இதே கைவேலைதான்.

இனி, எழுத்தில் வாங்க வேண்டியவை. பணி நியமனக் கடிதம் வேண்டும். பெட்ரோல் செலவும் சம்பளமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, விவசாயிகளிடமிருந்தா, ஏதாவது திட்ட நிதியிலிருந்தா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். பதிலில் தடுமாறினால் மாதச் சம்பளமும் தடுமாறும். தொழில் பழகுநர் சட்டப்படி ஒரு வருடம் பதிவு செய்துகொள்வார்களா என்பதையும் விசாரியுங்கள். முடிவில் மத்திய அரசின் சான்றிதழ் வரும், பிறகு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அந்த வருடம் கணக்கில் நிற்கும்.

பி.இ.யைக் கைவிட வேண்டாம். அடுத்த ஆண்டு கலந்தாய்வு அறிவிப்பு வரும்போது அவளையே முடிவெடுக்க விடுங்கள். ஒரு வருடம் காட்டில் கருவியோடு மல்லுக்கட்டிய பெண் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று தெரிந்து கேட்பாள்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்தீர்களே, பெண்பிள்ளை தனியாகக் காடு கரைக்குப் போவது பற்றி. அந்தக் கவலை நியாயமானது. பொறி பார்க்கும் வேலை காலையில் முடியக்கூடியது. கேமரா இருப்பதால் தினமும் போக வேண்டியதும் இல்லை, படம் வராத பொறிக்கும் குப்பி மாற்றும் நாளுக்கும் போனால் போதும். பொழுது சாய்ந்த பிறகு பழுது பார்க்க அனுப்பக் கூடாது, புதிய ஊருக்கு முதல் முறை இருவராகப் போக வேண்டும், இரண்டையும் நிறுவனத்திடம் நேரில் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பாம்புக்காக முழங்கால் வரை பூட்ஸும் டார்ச்சும் அவர்களே தர வேண்டும். முதல் பொறியை உங்கள் காட்டிலேயே வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவள் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, மீதியைப் பேச எனக்கு மறுபடி எழுதுங்கள்.