வளர்கிற வயது, மாறுகிற உடம்பு: டாக்டரிடம் கேளுங்கள்

கே: எனக்கு 12 வயது. ஆறே மாதத்தில் 4 கிலோ ஏறிவிட்டது. இடுப்பு, தொடை எல்லாம் பெருத்துவிட்டன. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தட்டுமா?

ப: வேண்டவே வேண்டாம் கண்ணா. பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்கிவிடும். அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். உயரமும் இப்போதுதான் விறுவிறுவென்று கூடும். ஒரே வருடத்தில் 8 செ.மீ. வளர்கிறவர்கள் உண்டு. எலும்பு உரமேறுவதும் இந்த வயதில்தான். இந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் அந்த வளர்ச்சிதான் அடிவாங்கும், மாதவிடாயும் தள்ளிப்போகும். போன வருடச் சட்டை இறுக்கிப் பிடிக்கிறதா? பெரிய சட்டை வாங்கித் தரச் சொல். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்காதே.

கே: வயது 13, பையன். ஒரு பக்க மார்பில் காசு மாதிரி ஒரு கட்டி, தொட்டால் வலிக்கிறது. பசங்க கிண்டல் செய்வார்களோ என்று நீச்சலுக்கே போவதில்லை.

ப: உன் வயதுப் பையன்களில் பாதிப் பேருக்காவது இது வரும், வெளியே சொல்லமாட்டார்கள். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானே அடங்கிவிடும். அமுக்கி அமுக்கிப் பார்க்காதே. பெரிதாகிக்கொண்டே போனாலோ காம்பில் நீர் கசிந்தாலோ டாக்டரிடம் காட்டு. நீச்சலுக்குப் போ. டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனாலும் சரி.

கே: 11 வயது மகளைச் செல்லமாகத்தான் ‘குண்டு’ என்போம். இப்போது தட்டைப் பார்த்தாலே அழுகிறாள். அவள் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ப: பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கு அவளுக்குப் பொருந்தாது அம்மா. குழந்தைகளுக்கு வயது, பாலினத்துக்கேற்ற வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. ஒரு தடவை எடுத்த எடையை வைத்துச் சொல்லாமல், பல மாதங்களாக அதில் அவளுடைய வளர்ச்சிக் கோடு எப்படிப் போகிறது என்றுதான் நாங்கள் பார்ப்போம். ஆனால் எனக்கு அவள் எடையைவிட அழுகைதான் கவலை. எடை மெஷினில் ஏறுமுன் வாட்சையும் ஹேர் கிளிப்பையும் கழற்றி வைத்த ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லும் சொல் அவ்வளவு ஆழமாக இறங்கும். அந்தப் பெயரை இன்றோடு விடுங்கள், அவளிடம் மன்னிப்பும் கேளுங்கள். எடையைப் பற்றிப் பேசாமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடினாலோ காத்திருக்காமல் அழைத்துவாருங்கள்.

கே: 13 வயது. நண்பர்களுக்கெல்லாம் மீசை, எனக்கு ஒன்றுமில்லையே?

ப: மீசை கடைசியில்தான் வரும், விதைப்பை பெரிதாவதுதான் முதல் மாற்றம். 14 முடிந்தும் அதுகூட இல்லையென்றால் டாக்டரைப் பார். அதற்கு முன் அப்பாவிடம், அவருக்கு எப்போது வந்தது என்று கேள். பலருக்கு இது பரம்பரையாக வருவது.