கொல்லையிலும் கரையிலும் தீ மூட்டலாமா? கேள்வி பதில்

தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ராமநாதபுரம் கடலோர வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

தொண்டி வாசகர்: ஐயா, வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி மீன் சுட்டுச் சாப்பிடலாமா?

தாராளமாக. சொந்த இடத்தில் விறகு வைத்துச் சமைப்பதற்கு மனுவோடு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேண்டாம் என்பேன். ஓலை வேலி, ஓலைக் கொட்டகை, காய்ந்த கருவேல முள் என்று நம் ஊரில் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் பொருட்கள் அதிகம். உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி நெருப்பைக் கவனமில்லாமல் கையாண்டாலே, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-வது பிரிவு பாயும். பக்கத்து வீடு எரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பாம்பன் வாசகர்: பழைய நைலான் வலைகளைக் கரையிலேயே கொளுத்துகிறார்கள். இதற்குத் தடை இல்லையா?

உண்டு. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையும் விதித்தது. நைலான் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. ஊராட்சியில் புகார் கொடுங்கள். கூடவே, கழித்த வலையைப் போட ஓர் இடத்தையும் கேளுங்கள். அது இல்லாதவரை கொளுத்துகிறவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

சாயல்குடி வாசகி: போகிக்குப் பழைய ஓலைப்பாயையாவது எரிக்கலாமா, ஐயா?

எருக்குழியில் போடுங்கள், அம்மா. மட்கிவிடும்.

சென்னை வாசகர்: தனுஷ்கோடி மணலில் இரவில் நெருப்பு மூட்டி உட்கார ஆசை.

ஆசையை வேறு ஊரில் தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதும், எரியவிட்டுப் போவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி குற்றம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் இதே சட்டம்தான். பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து ஊர்பவை. கரையில் நெருப்பு இருந்தால் கடலை விட்டுவிட்டு அதை நோக்கி வரும்.

மண்டபம் வாசகர்: அடுப்புக்குப் பவளக் கல் வைக்கலாமா?

கூடாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுப்பதே குற்றம். அடுப்புக்கும் அது உதவாது. அந்தக் காலத்தில் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கல் அது.

மூக்கையூர் வாசகர்: கரையில் சமைத்த பிறகு தணலை மணல் போட்டு மூடினால் போதுமல்லவா?

எல்லோரும் செய்வது இதுதான், எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். கரிமூட்டம் போடுகிறவர்களைக் கேளுங்கள்: விறகை மண்ணால் மூடுவதே அது அணையாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருப்பதற்காகத்தான். மணலுக்கடியில் தணல் இருப்பது வெளியே தெரியாது. விடியற்காலையில் வெறுங்காலோடு வலை இழுக்க வருகிறவர் அதை மிதிப்பார். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு கிளம்புங்கள். கடல் தண்ணீரே போதும். இந்த மாவட்டத்தில் அதற்காக நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வராதீர்கள்.