க்ளூக்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்

கே: கச்சேரி முடிந்தபின் பியானோ கலைஞர்கள் கொசுறாக வாசிக்கும் ‘மெலடி’க்கு ‘க்ளூக் – ஸ்காம்பாட்டி’ என்று போடுகிறார்களே, அந்த இரண்டாமவர் யார்?

ப: ஜொவான்னி ஸ்காம்பாட்டி (1841–1914). ரோம் நகரத்துக்காரர், ஹங்கேரியப் பியானோ மேதை லிஸ்ட்டின் சீடர். பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் க்ளூக், தன் ஆர்ஃபியஸ் ஆபராவின் (இசை நாடகத்தின்) 1774 பாரிஸ் வடிவத்துக்காகச் சேர்த்த புல்லாங்குழல் பகுதியைப் பியானோவுக்கு மாற்றியவர். ரஷ்யப் பியானோ கலைஞர் ராக்மனினாஃப் 1925-இல் அதை இசைத்தட்டில் பதிந்தார். மெட்டு உலகம் சுற்றியது. மாற்றியவர் பெயர் சிறிய எழுத்திலேயே நின்றுவிட்டது.

கே: அவருடைய சொந்தப் படைப்புகள் ஏன் மறைந்தன?

ப: அன்றைய இத்தாலியில் இசை என்றாலே ஆபராதான். இவரோ ஆபராவே எழுதவில்லை. 1866-இல் லிஸ்ட்டின் ‘தாந்தே’ சிம்பொனியை ரோமில் நடத்தினார். இவருடைய பியானோ குவின்டெட்டுகளை (ஐந்து வாத்தியப் படைப்புகளை) கேட்ட இசையமைப்பாளர் வாக்னர், ஜெர்மனியின் ஷாட் பதிப்பகத்துக்குச் சிபாரிசு செய்தார். உள்ளூரில் அதெல்லாம் எடுபடவில்லை. பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஜி மைனர் பியானோ கான்செர்ட்டோ (ஓபஸ், அதாவது படைப்பு எண், 15) ஒன்றைக் கேளுங்கள், இவரை ஒதுக்கியது அநியாயம் என்பீர்கள். சின்னதாகத் தொடங்க ‘ஃபோல்யி வொலாந்தி’ (ஓபஸ் 12) என்ற சிறு பியானோ துண்டுகள் போதும்.

கே: ‘மெலடி’யைப் பழகுகிறேன். நோட்ஸ் கஷ்டமாக இல்லை, ஆனால் மெட்டு அமுங்கிப் போகிறது.

ப: எல்லோரும் சறுக்கும் இடம் அது. மெட்டு வலக்கையின் மோதிர விரல், சுண்டு விரல் பக்கம்; துணைச் சுரங்களோ பலமான விரல்களில். அதனால் அவை தானாகவே முந்திக்கொள்ளும். முதலில் மெட்டை மட்டும், கடைசியில் வாசிக்கப்போகும் அதே விரல்களால் வாசியுங்கள். அடுத்து மெட்டும் பாஸும் (அடியில் ஒலிக்கும் கீழ்ச் சுரங்களும்) மட்டும். பிறகு துணைச் சுரங்களைத் தனியே, விரலைக் கட்டையிலிருந்து தூக்காமல், காதுக்கு எட்டியும் எட்டாமலும். மூன்றும் அடங்கிய பிறகே சேருங்கள்.

இன்னொரு சிக்கல்: புல்லாங்குழல் ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே இருக்கலாம், பியானோவில் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். நீளமான சுரத்துக்கு அடுத்ததை அதே பலத்தில் தட்டினால் துருத்திக்கொண்டு கேட்கும். முந்தையது தேய்ந்து எந்த அளவில் நிற்கிறதோ, அங்கிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். பெடலை ஒவ்வொரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றத்திலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பகுதியின் டி மைனர் சுருதி முழுக்கக் குழம்பாகிவிடும்.

கே: ஸ்கோர் (அச்சிட்ட இசைக்குறிப்பு) எங்கே கிடைக்கும்?

ப: ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாக. ஜெர்மானியப் பியானோ கலைஞர் கெம்ஃப்பும் இதே பகுதியைப் பியானோவுக்கு எழுதியிருக்கிறார். அதை இறக்கிவிடாதீர்கள், சுருதியே வேறு.